மறு: பரோலோவும் 'டானி'னும் – துவர், துவர்ப்பு, துவர்க்கட்டு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். சிவப்பு ஒயினிலும் தேநீரிலும் இருந்து வாயை உலர்த்தும் 'டானின்' என்ற பொருளுக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டு, மூன்று நாளாக ஓடும் இந்த இழையைத் தொடங்கிவைத்தவன் நான். உங்கள் மடல்கள் எல்லாவற்றையும் இருமுறை படித்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தச் சொல் எனக்கு ஏன் அவசரமானது என்று சொல்லிவிடுகிறேன். நட்சத்திர விடுதிகளில் பரிமாறும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு முழு அத்தியாயம் பரோலோ என்ற இத்தாலிய சிவப்பு ஒயினைப் பற்றியது. முதல் வரைவில் டானின் வரும் இடமெல்லாம் 'கசப்புத்தன்மை' என்று எழுதிவைத்தேன். வகுப்பில் அதையே வாசித்துக் காட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தேன். குடித்த பிள்ளைகளில் பாதிப் பேர், "சார், கசப்பே இல்லையே, பாட்டில் மாறிப்போச்சா?" என்று கேட்டார்கள். மீதிப் பேர், கசப்பு என்று புத்தகம் சொல்கிறதே என்று தலையாட்டினார்கள். தவறான ஒரு சொல் வாயில் இருக்கும் சுவையையே மறைத்துவிட்டது. அது என் பிழை. அதைத் திருத்தத்தான் இங்கே வந்தேன்.

அன்று நாகர்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் கொஞ்ச நேரம் நாக்கைச் சப்பிப் பார்த்துவிட்டு, "நாக்கைத் துவர்த்தி எடுத்த மாதிரி இருக்கு சார்" என்றான். அவர்கள் ஊரில் துண்டுக்குப் பெயர் துவர்த்து. குளித்த பிறகு ஈரம் போகத் துடைப்பது துவர்த்துவது. அந்த ஒரு வரிதான் இந்த மடலின் விதை.

> டானின் என்றே எழுதிவிடலாம். உலகம் முழுக்க அதுதான் பெயர். சொல்லாக்கம் தேவையா?

தேவை என்றுதான் நினைக்கிறேன் ஐயா. நம்மிடம் இல்லாத ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கப் போகிறோம் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இந்தப் பொருள் நம்மிடம் இருக்கிறது. கடுக்காயில், பாக்கில், வாழைப்பூவில், மாதுளைத் தோலில், பால் ஊற்றாத தேநீரில் இருப்பது இதுவேதான். டானின் என்ற பெயரே தோல் பதனிடுவதிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையை ஊறவைத்துத் தோலைப் பதனிட்டார்கள். நம் ஊர்த் தோல் தொழிலில் அந்த வேலையை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்தன. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. இதற்குச் சொல் இல்லை என்று நாம் கைவிரிக்கக் கூடாது.

> 'தோல்பதனி' என்று வைத்தால் வேர்ப்பொருளுக்கு நெருக்கமாக இருக்குமே?

வேருக்கு நெருக்கம்தான். ஆனால் சாப்பாட்டு மேசையில், வாடிக்கையாளர் முன்னால், 'இந்த ஒயினில் தோல்பதனி மிகுதி' என்று ஒரு பிள்ளை சொல்வதை நினைத்துப் பாருங்கள். 'கசப்பி' என்ற பரிந்துரையும் வந்தது. அதை ஏன் ஏற்க முடியாது என்பதற்கு என் வகுப்பே சாட்சி. கசப்பு வேறு, இது வேறு. பாகற்காய் கசக்கும், ஆனால் வாயை உலர்த்தாது. பாக்கு வாயை உலர்த்தி இழுத்துப் பிடிக்கும்.

அந்த உலர்வு எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'துவர்' என்ற என் பரிந்துரை அதில்தான் நிற்கிறது. உமிழ்நீரில் சில புரதங்கள் இருக்கின்றன. வாயின் உள்புறம் வழவழப்பாக இருக்க அவை உதவுகின்றன. டானின் போய் அந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரளச் செய்துவிடுகிறது. வழவழப்பு குறைந்ததும் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலைத்தான் நாம் துவர்ப்பாக உணர்கிறோம். தேநீரில் பால் சேர்த்தால் துவர்ப்பு அடங்குவதும் இதனால்தான். டானினுக்கு ஒட்டிக்கொள்ளப் பாலின் புரதம் கிடைத்துவிடுகிறது, நம் உமிழ்நீரை விட்டுவிடுகிறது.

இனி 'துவர்' என்ற சொல்லைப் பாருங்கள். அகராதியில் அதற்கு மூன்று பொருள் கிடைக்கிறது. ஒன்று, துவர்ப்பு. இரண்டு, சிவப்பு: துவர்வாய் என்றால் சிவந்த வாய், துவராடை என்றால் காவி தோய்ந்த ஆடை. மூன்று, உலர்தல்: துவர்தல் என்றால் ஈரம் வற்றுதல், துவர்த்துதல் என்றால் ஈரம் போக்குதல். நிறம், சுவை, வாயில் அது செய்யும் வேலை, மூன்றும் ஒரே சொல்லில் கூடியிருக்கின்றன. சிவப்பு ஒயினின் டானினுக்கு இதைவிடப் பொருந்தும் சொல்லை எந்த மொழியில் தேடினாலும் கிடைக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

> துவர்ப்பு என்பது சுவை. டானின் ஒரு பொருள். இரண்டையும் குழப்பலாமா? 'துவர்மம்' என்று பிரித்துவிட்டால்?

அம்மா, இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பிரிக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்குப் புது ஈறு ஒட்ட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடும் இடத்தில் 'பத்துத் துவரினும் ஐந்து விரையினும்' என்று வரும். பத்துத் துவர் என்பது பத்துச் சுவை அல்ல, துவர்ப்புள்ள பத்துப் பொருள்கள். ஆக, பொருளுக்குத் துவர், உணர்வுக்குத் துவர்ப்பு என்ற பாகுபாடு பழைய வழக்கிலேயே இருக்கிறது. அடுத்து வருவதையும் கவனியுங்கள்: அவை 'ஊறின நன்னீர்' என்கிறார் புலவர். பட்டையும் காயும் நீரில் ஊறித் துவர் இறங்குகிறது. ஒயின் செய்பவர்களும் இதையே செய்கிறார்கள். திராட்சைத் தோலும் விதையும் சாற்றில் கிடந்து ஊறும்போதுதான் நிறமும் துவரும் இறங்குகின்றன. அதற்கு 'ஊறல்' என்று எழுதலாம் என்பது என் துணைப் பரிந்துரை. ஊறல் என்றதும் போலீஸ் அழித்த சாராய ஊறல் பற்றிய செய்திகள் நினைவுக்கு வரும், தெரியும். இருந்தாலும் சொல் சரியானது. செய்தித்தாளுக்குப் பயந்து அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

துவரம்பருப்போடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். குழம்பாது. துவர்ப்பையும் துவரையையும் நாம் தினமும் சேர்த்தே புழங்குகிறோம், இதுவரை யாரும் இடறியதில்லை.

சொல் தாங்குமா என்று பார்க்கக் கூட்டுச்சொற்களைப் போட்டுப் பார்த்தேன். தோல்துவர், விதைத்துவர், காம்புத்துவர், மரத்துவர். திராட்சை பழுக்காதபோது வருவது பச்சைத்துவர், பழுத்தபின் வருவது முதிர்துவர். நாக்கில் பொடிமணலாக உரசினால் பொடித்துவர், சொரசொரவென்று இழுத்தால் முரட்டுத்துவர். எதையும் விளக்கக்கூடத் தேவைப்படவில்லை. 'டானின்' என்று வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள், இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிடும்.

சரி, இப்போது பரோலோவுக்கு வருகிறேன். டானின் ஒயினுக்குத் தரும் உறுதியை ஆங்கிலத்தில் 'டானிக் ஸ்ட்ரக்சர்' என்கிறார்கள். அதற்கு என்ன சொல் என்ற கடினமான கேள்வி அங்கேதான் இருக்கிறது.

வடமேற்கு இத்தாலியில், பியெமோந்தே மாநிலத்தில், ஆல்பா நகருக்குத் தென்மேற்கே லாங்கே குன்றுகள் இருக்கின்றன. அங்கே பதினோரு ஊர்களின் எல்லைக்குள், நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையில் மட்டும் செய்தால்தான் பரோலோ என்று பெயர் வைக்கலாம். நெபியோலோ மிகவும் தாமதமாகப் பழுக்கும். அக்டோபரில் குன்றுகளில் மூடுபனி இறங்கும் காலத்தில்தான் பெரும்பாலும் பறிப்பு. மூடுபனிக்கு இத்தாலியில் 'நெபியா', அதிலிருந்து திராட்சைக்குப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

இந்த ஒயினின் வசீகரம் ஒரு முரணில் இருக்கிறது. கிண்ணத்தில் ஊற்றினால் நிறம் வெளிர். நெபியோலோவின் தோலில் இருக்கும் நிறமிகள் எளிதில் சிதைபவை. அதனால் சில ஆண்டுகளிலேயே ஓரம் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். பார்த்தவர் 'லேசான சரக்கு' என்று நினைப்பார். முகர்ந்தால் ரோஜா, உலர்ந்த செர்ரி, கூடவே தார். தாரும் ரோஜாவும் என்பது பரோலோவைப் பற்றி எல்லோரும் சொல்லும் இணை. வாயில் வைத்ததும்தான் ஆள் யார் என்று தெரியும். புளிப்பும் துவரும் சேர்ந்து பிடிக்கிற பிடியில் கன்னம் உள்ளே இழுக்கும். மெல்லிய உடம்புக்காரர் கைகுலுக்கும்போது நம் விரல் நொறுங்குவது போல இருக்கும். என்னை இந்த ஒயினிடம் கட்டிப்போட்டது அதுதான்.

அந்தப் பிடி ஒரே நாளில் நெகிழாது. சட்டப்படியே, அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். இன்னும் கூடுதலாக முதிரவைக்கும் ரிசெர்வா வகை என்றால் 62 மாதம். அதற்குப் பிறகும் நல்ல பரோலோ புட்டியில் பத்து, இருபது ஆண்டு கிடக்கும். அந்தக் காலத்தில் துவர்க்கூறுகள் தங்களுக்குள்ளும் நிறமிகளோடும் இணைகின்றன, ஒரு பகுதி வண்டலாக அடியில் இறங்குகிறது. இளமையில் நாக்கை அறைந்த ஒயின் பிறகு பட்டாகிறது.

ஊறல் எத்தனை நாள், பீப்பாய் எவ்வளவு பெரியது என்பதை வைத்து 1980களிலும் 90களிலும் அந்தக் குன்றுகளில் பெரிய சண்டையே நடந்தது. புதியவர்கள் ஊறல் நாளைக் குறைத்து, 225 லிட்டர் கொள்ளும் பாரிக் என்ற சின்னப் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களுக்குப் போனார்கள். பழையவர்கள் மாதக்கணக்கில்கூட ஊறவிட்டு, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய பீப்பாய்களிலேயே வைத்தார்கள். பழைய வழியில் ஒயின் செய்த பர்த்தோலோ மஸ்கரெல்லோ என்ற முதியவர், இத்தாலிய அரசியல் தலைவர் பெர்லுஸ்கோனியையும் சேர்த்துச் சாடி, தன் புட்டியின் சீட்டிலேயே 'பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று கையால் எழுதி ஒட்டினார். சண்டையின் நடுவே இருந்தது துவர்தான்: அதை எவ்வளவு இறக்குவது, எதைக்கொண்டு அடக்குவது, எத்தனை ஆண்டு காத்திருப்பது. இப்போது பெரும்பாலோர் நடுவழிக்கு வந்துவிட்டார்கள்.

ஊருக்கு ஊரும் இந்தத் துவரின் பிடி மாறும். லா மோர்ரா பக்கத்து ஒயின் மணமும் மென்மையுமாக சீக்கிரம் இளகும். செர்ராலுங்கா, மோன்ஃபோர்த்தே பக்கத்தில் மண் இன்னும் பழையது, அங்கே செய்தது இறுகி நிற்கும், நாள் பிடிக்கும். இந்த 'இறுகி நிற்பது', 'இளகுவது' என்பதற்கெல்லாம் ஒரு பெயர்ச்சொல் வேண்டும். அதுதான் ஸ்ட்ரக்சர்.

> 'துவர் அமைப்பு' போதுமே. அல்லது 'முதுகெலும்பு'?

அமைப்பு என்றால் எல்லாம் அமைப்புதான், கட்சியும் அமைப்பு, சங்கமும் அமைப்பு. அதில் வலு தெரியவில்லை. முதுகெலும்பு ஆங்கிலத்தில் நன்றாக இருக்கும், தமிழில் ஒயினுக்கு முதுகெலும்பு என்றால் புட்டிக்குள் என்னமோ கிடப்பது போல இருக்கிறது.

என் பரிந்துரை 'கட்டு'. உடற்கட்டு, கட்டான உடம்பு என்கிறோமே, அந்தக் கட்டு. பருமனைச் சொல்லாமல் உறுதியைச் சொல்கிற சொல் அது. மெல்லியவருக்கும் கட்டு உண்டு. பரோலோ அப்படிப்பட்டதுதான். துவர் தரும் கட்டு துவர்க்கட்டு. வெள்ளை ஒயினில் புளிப்பு தரும் உறுதிக்குப் புளிப்புக்கட்டு. வினைகளும் ஏற்கெனவே காத்திருக்கின்றன: கட்டு இறுகும், தளரும், குலையும். வயதான பரோலோவின் கட்டு தளரும், குலையாது. அளவுக்கு மீறி வைத்திருந்தால் குலைந்துவிடும். இந்த நுணுக்கத்தை 'அமைப்பு' தராது. துவர், புரதத்தைப் போய்க் கட்டுவதால்தான் இந்த உணர்வே வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விறகுக்கட்டு போல ஒலிக்கிறது என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். வீட்டில் இரண்டு பேரிடம் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தேன், இருவருமே உடற்கட்டைத்தான் நினைத்தார்கள். தனிச்சொல்லாக விட்டால் தடுமாறலாம், வாக்கியத்தில் தடுமாறவில்லை.

கையேட்டின் பத்தியை இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்:

"நிறம் வெளிர்மாதுளை, ஓரம் செங்கல். மணத்தில் உலர்ந்த ரோஜா, செர்ரி, தார். வாயில் புளிப்பு நிமிர்ந்து நிற்கிறது. நீண்ட ஊறலில் இறங்கிய தோல்துவர் மிகுதி, பொடித்துவர், பச்சை இல்லை. துவர்க்கட்டு இன்னும் இறுக்கம், எட்டு பத்து ஆண்டில் தளரும். இப்போதே திறப்பதானால், ஒயினிலேயே வேகவைத்த மாட்டிறைச்சியோடு பரிமாறவும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கும்."

நேற்று இதை அதே பிள்ளைகளிடம் வாசித்துவிட்டு மறுபடி ஒரு வாய் கொடுத்தேன். 'பொடித்துவர்' வந்த இடத்தில் நாலைந்து பேர் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தார்கள். கேள்வி ஒன்றுதான் வந்தது: 'நிமிர்ந்து நிற்கிறது' என்றால் என்ன? அந்த இடம் எனக்கும் உறுத்துகிறது. புளிப்புக்கு வேறு வினை வைத்திருப்பவர்கள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அந்த அத்தியாயம் அச்சுக்குப் போகிறது.