புதுப்பிப்பு: அந்தமானுக்குக் குடிபெயரும் யோசனை

ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது பழைய போர்ட் பிளேருக்கு, குடிபெயரலாமா என்று கேட்டிருந்தேன். இணையம் தேறாது என்று பலர் பயமுறுத்தினீர்கள். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் அந்தக் கவலை பெரிதில்லை. தண்ணீர்தான் இடிக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில், கோடையில் முறை வைத்துத்தான் குழாயில் தண்ணீர்! பார்த்த வாடகை வீட்டில் குளியலறையைவிடத் தொட்டிகளே அதிக இடம் பிடித்திருந்தன. வெங்காயம் கப்பலேறி வருவதால் கடல் கொந்தளித்தால் விலையும் கொந்தளிக்கும். மீனுக்குக் குறையில்லை, தமிழ் பேச ஆளுக்கும் குறையில்லை. டிசம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்வது மனைவிக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. அப்பாவின் இதயச் சிகிச்சையை உத்தேசித்து அவர் என் அண்ணனோடு மதுரையிலேயே இருப்பார். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வீடு பேசிவிட்டோம். மதுரை வீட்டை விற்கவில்லை.