பெண் பிள்ளைகள் தம் உடலை வெறுப்பதற்குக் காரணம் ஊடகமா, வீடா?

வகுப்பாசிரியை:
பதினோராம் வகுப்பு மாணவிகளோடு குழுப்படம் எடுக்க நினைத்தால், முகத்தை வெளுக்கவும் மெலியவும் வைக்கும் ஃபில்டர் இல்லாமல் நிற்க மாட்டோம் என்கிறார்கள். 1975-இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லியின் விளம்பரங்கள், கறுத்த பெண்ணுக்கு வேலையும் கிடைக்காது, வரனும் அமையாது என்றே பல ஆண்டுகள் காட்டின. 2020-இல் ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கினார்கள். என் வகுப்பில் எதுவும் மாறவில்லை. இதற்கு ஊடகமே முதற்காரணம் என்பேன்.

இரு மகள்களின் தந்தை:
மன்னிக்க வேண்டும் டீச்சர், நான் உடன்படவில்லை. “கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்” என்பதிலுள்ள அந்த ‘இருந்தாலும்’ எந்த விளம்பர நிறுவனமும் எழுதிக் கொடுத்ததல்ல. என் மூத்த மகள் பிறந்த அன்றே அவள் காதுமடலைப் பார்த்து, வளர்ந்தால் என்ன நிறமாவாள் என்று உறவினர்கள் கணித்தார்கள். அவள் கைக்குக் கைபேசி வர அப்போது இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. நம் வீட்டுப் பேச்சைத்தான் விளம்பரம் வாங்கி நமக்கே விற்றது.

வகுப்பாசிரியை:
அப்படியானால் ஃபிஜியை எப்படி விளக்குவீர்கள், ஐயா? பருத்த உடலை நல்ல பராமரிப்பின் அடையாளமாகப் போற்றிய அந்நாட்டின் நாட்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும், மீண்டும் 1998-இலும் ஹார்வர்டு ஆய்வாளர் ஆன் பெக்கர் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். எடையைக் குறைக்க வாந்தியெடுப்பதாக முதல்முறை ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாம் முறை 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். அங்கே எந்தப் பாட்டியும் பேத்தியை மெலியச் சொல்லவில்லை.

உளவியல் மாணவி:
முதலில் 63 பேர், பிறகு 65 பேர் என இரு வேறு குழுக்களிடம் நடந்த ஆய்வு அது என்பதால் அந்த எண்ணை அளவோடுதான் சொல்ல வேண்டும். நேர்காணல்களே என்னை அதிகம் யோசிக்க வைத்தன. திரையில் கண்ட பெண்களைப் போல வேலையும் வசதியும் பெற மெலிந்த உடல் வேண்டும் என்று அச்சிறுமிகள் எண்ணியிருக்கிறார்கள். டீச்சர் சொன்ன விளம்பரங்களும் உடலை வேலையோடுதான் முடிச்சுப் போட்டன.

இரு மகள்களின் தந்தை:
இதை ஏற்கிறேன். செய்தி வாசிப்பாளராக ஆசைப்பட்ட என் இளைய மகள், “அந்த நிறம் எனக்கில்லையே அப்பா” என்று அந்த ஆசையை விட்டுவிட்டாள். அதை அவளுக்கு உறவினர் எவரும் சொல்லித் தரவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஆனாலும், கறுத்தவரைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2014-இல் விதி வகுத்ததுபோல் வீட்டுக்கு யார் விதி வகுப்பது? அடுத்த மாதம் என் தங்கை வீட்டு விசேஷத்துக்கு இருவரையும் அழைத்துப் போகிறேன். வாசலிலேயே வரப்போகும் முதல் பேச்சு எதுவென்று எனக்குத் தெரியும்.