புதுப்பிப்பு: விவாகரத்துக்குப் பிறகு ஏறிய சர்க்கரை

விவாகரத்து முடிந்தபின் முடி கொத்தாகக் கொட்டுகிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது. அம்மா வழி வந்ததா, மன உளைச்சலா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அக்காமாருக்கு நன்றி.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டாக்டரைப் பார்த்தாயிற்று. இரண்டும்தான் என்கிறார். டிசிஎஃப்7எல்2 மரபணுவின் சில வடிவங்கள் இருந்தால் கணையம் இன்சுலின் சுரப்பதில் கொஞ்சம் பின்தங்குமாம். அதன்மேல் மன அழுத்தத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோன் ஏறினால் கல்லீரல் கூடுதல் சர்க்கரையை ரத்தத்தில் விடும். இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும், அதனால் பழியெல்லாம் முன்னாள் கணவர்மேல் போட முடியாது (ஆசைதான்!).

முடி, அதிர்ச்சிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிருமாம். பெரும்பாலும் தானே வளர்ந்துவிடும். சரி, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கியாயிற்று. எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுவதால் அடுத்த சோதனை மூன்று மாதம் கழித்துத்தான்.