வென்லாஃபாக்சினை நிறுத்தியபின் தலைக்குள் மின்னதிர்வு: அனுபவமுள்ளோர் உதவவும்

வணக்கம். மனச்சோர்வுக்காக நெடுநாள் உட்கொண்ட வென்லாஃபாக்சினை, மருத்துவர் சொன்னபடி 75 மில்லிகிராமிலிருந்து 37.5 ஆகக் குறைத்து, சென்ற மாதம் அடியோடு நிறுத்தினேன். அதுமுதல், கண்களைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் ஒரு நொடி மின்சாரம் பாய்ந்தாற்போன்ற அதிர்வும், கூடவே காதுக்குள் ‘விஸ்க்’ என்ற ஒலியும் தோன்றுகின்றன. படி இறங்கும்போது தள்ளாட்டம், இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை. மனநிலை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.

இம்மருந்து உடலைவிட்டு விரைவில் வெளியேறிவிடுவதால் இத்தகைய விலகல் அறிகுறிகள் வரக்கூடும் என்றும், நெடுநாள் உடலில் தங்கும் ஃபுளுவாக்செட்டின் என்ற மற்றொரு மனச்சோர்வு மருந்தில் இவை குறைவு என்றும் அறிந்தேன். மருத்துவரை அடுத்த வாரம்தான் சந்திக்க முடியும். இதே மருந்தை நிறுத்தியவர்கள், அதிர்வு எவ்வளவு காலம் நீடித்தது, சிறு அளவில் மீண்டும் தொடங்கி மெதுவாகக் குறைக்குமாறு உங்கள் மருத்துவர் கூறினாரா, வாகனம் ஓட்டுவதைத் தவிர்த்தீர்களா என்பதைத் தெரிவித்தால் அவரிடம் விளக்கிக் கேட்க உதவும். ‘எல்லாம் பிரமை’ என்னும் பதிலை மட்டும் தவிர்க்கவும். அதை வீட்டிலேயே போதுமான அளவு கேட்டுவிட்டேன்.