சில்லின் மேலேயே மின்கலம்: லைப்பான் படலம் ஈடுகொடுக்குமா?

கேள்வி (இளமாறன்):
வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக, 1 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சென்சார் சில்லின் மேல் மென்படல லித்தியம் மின்கலம் அமைக்க முயல்கிறேன். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ஜான் பேட்ஸ் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய லைப்பான் என்னும் திட மின்பகுபொருளையே (மின்வாய்களுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் பொருள்) பலரும் பரிந்துரைக்கிறார்கள். அதன் அயனி கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 × 10⁻⁶ சீமென்ஸ்தான். திரவ மின்பகுபொருள்கள் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கடத்துகின்றன. பிறகு ஏன் இதை நாடுகிறார்கள்? என் சென்சார் உறக்கத்தில் 100 நானோஆம்பியரும், ரேடியோ இயங்கும் 5 மில்லிவினாடிக்கு மட்டும் 5 மில்லிஆம்பியரும் எடுக்கும்.

மறுமொழி (படலவியல்):
கடத்துதிறனைத் தடிமனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். லித்தியம் பாஸ்பேட்டை நைட்ரஜன் வாயுவில் ஸ்பட்டரிங் செய்தால் (அயனிகளால் மோதி அணுக்களைப் பெயர்த்துப் படலமாகப் படியவைக்கும் முறை), 1 மைக்ரோமீட்டர் தடிமனிலும் நுண்துளையற்ற லைப்பான் படலம் கிடைக்கிறது. அந்தத் தடிமனில் 1 சதுர சென்டிமீட்டர் கலத்துக்கு மின்பகுபொருளின் தடை வெறும் 50 ஓம். எலக்ட்ரான்களை அது ஏறக்குறைய கடத்துவதே இல்லை என்பதால், சேமித்த மின்னூட்டம் தானாக வடிந்துபோவதும் மிகக் குறைவு. நுண்கருவிகளுக்கு இதுவே அதன் பெரிய பலம் என்பேன்.

உங்கள் சிக்கல் பரப்பில்தான் இருக்கிறது. நூறில் ஒரு பங்கு பரப்பில் தடை 5,000 ஓமாக உயர்கிறது. 5 மில்லிஆம்பியர் எடுத்தால் கணக்குப்படி 25 வோல்ட் இழப்பு, 4 வோல்ட் கலத்தால் அது நடக்காது. எனவே அருகில் ஒரு மின்தேக்கி கட்டாயம் வேண்டும். ஒருமுறை செய்தி அனுப்ப 25 மைக்ரோகூலும் போதும், 0.5 வோல்ட் சரிவை ஏற்றால் 50 மைக்ரோஃபாரட். கலம் 5 மைக்ரோஆம்பியர் வீதம் அதை 5 வினாடியில் நிரப்பிவிடும், அப்போது லைப்பானில் இழப்பு 25 மில்லிவோல்ட் மட்டுமே. நேர்மின்வாயில் 5 மைக்ரோமீட்டர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு இருந்தாலும் கொள்ளளவு சுமார் 3.4 மைக்ரோஆம்பியர்-மணிதான், உறக்கத்துக்கே அது 34 மணி நேரம்தான் வரும் என்பதால், சிறு சூரியக் கலத்தையும் திட்டத்தில் சேருங்கள்.

மறுமொழி (வெள்ளீயம்):
வெப்பத்தையும் கவனியுங்கள். கோபால்ட் ஆக்சைடு படலம் நன்கு படிகமாக வழக்கமாக 700 டிகிரி செல்சியஸ் அளவில் பதப்படுத்துவார்கள். முடிந்த சில்லின் உலோக இணைப்புகள் அதைத் தாங்கா. ஆகவே கலத்தைத் தனித் தளத்தில் செய்து பின்னர் இணைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. ஆனால் ஈயமற்ற பற்றவைப்பு 260 டிகிரியைத் தொடும், லித்தியமோ 180.5 டிகிரியிலேயே உருகிவிடும். இதற்காகவே ஓக் ரிட்ஜ் குழுவினர் 2000-இல் லித்தியம் உலோகமின்றிக் கலத்தைக் கட்டினார்கள்; பற்றவைத்த பின் முதன்முறை மின்னேற்றும்போதுதான் தாமிரத்தின் மேல் லித்தியம் படிகிறது.

இளமாறன்:
மிக்க நன்றி. மின்தேக்கியாக எம்-சீன் (சில அணுக்களே தடிமனுள்ள உலோகக் கார்பைடு தாள்கள்) படலத்தாலான நுண் மீமின்தேக்கியை, அதாவது மிகுந்த மின்னூட்டம் சேமிக்கும் மின்தேக்கியைப் பயன்படுத்தலாமா?

படலவியல்:
2011-இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் உருவான டைட்டானியம் கார்பைடு எம்-சீன், சிறிய பரப்பில் மிகுந்த மின்னூட்டத்தைத் தாங்கும். எனினும் நீர்சார்ந்த மின்பகுபொருளில் இரு மின்வாய்களிலும் அதையே வைத்தால் ஏறத்தாழ 0.6 வோல்ட்டுக்கு மேல் போக இயலாது என்பதால், பல கலங்களைத் தொடராக இணைக்க வேண்டியிருக்கும். கொள்ளளவை அளப்பதற்கு முன் கசிவு மின்னோட்டத்தை அளந்துவிடுங்கள். அது 100 நானோஆம்பியரை எட்டினால், உறக்கத்துக்கு ஒதுக்கிய மின்னூட்டம் இருமடங்கு வேகத்தில் தீர்ந்துவிடும்.