ஐந்தாம் பருவ விருப்பப் பாடங்கள்: சிப் வடிவமைப்பா, ஐஓடியா?

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவர்):
வணக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில், 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்) ஈசிஈ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) படிக்கிறேன். ஐந்தாம் பருவத்துக்கான மூன்று விருப்பப் பாடங்களை வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். சிப் வடிவமைப்பு, சிக்னல் பிராசசிங், சென்சர்-ஐஓடி (இணையத்தோடு இணைந்த கருவிகள்), விண்வெளித் தொழில்நுட்பம் என எட்டு வெர்டிகல்கள் (விருப்பப் பாடத் தொகுப்புகள்) இருக்கின்றன. எனக்குச் சிப் வடிவமைப்பில் ஆசை. ஆனால் அதற்கு அடிப்படையான லீனியர் ஐசி (அனலாக் சிப் சுற்றுகள்) பாடத்தில் 'பி' கிரேடுதான் வந்தது. எங்கள் ஆலோசகரோ, "எல்லாரும் எடுப்பதையே எடுத்துக்கொள்" என்று சொல்லிக் கையெழுத்திட்டுவிடுகிறார். எதை வைத்து முடிவு செய்வது?

மறுமொழி (சிப் துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர்):
தம்பி, வெர்டிகலின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாடத்திட்டத்தைத் திறந்து, ஒவ்வொரு பாடத்தின் ஐந்து அலகுகளையும் படித்துப் பாருங்கள். அனலாக் ஐசி டிசைன் முழுக்க ஆம்ப்ளிஃபையர் கணக்குகளின் மீது நிற்பது. டிரான்சிஸ்டர் பயாசிங் (டிரான்சிஸ்டருக்குச் சரியான இயக்க மின்னழுத்தம் தருவது) என்ற அடிப்படையிலேயே இன்னும் தடுமாறுகிறீர்கள் என்றால் அதை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவையுங்கள். விஎல்எஸ்ஐ (ஒரே சிப்பில் ஏராளமான டிரான்சிஸ்டர்களை அமைப்பது) டெஸ்டிங், அதாவது அத்தகைய சிப்களைச் சோதிக்கும் பாடம், அப்படியன்று. டிஜிட்டல் பாடம் கைவந்தவருக்கு அது எட்டும். ஐந்தாம் பருவத்தில் விஎல்எஸ்ஐ கட்டாயப் பாடமாகவே வருவதால், இரண்டையும் சேர்த்துப் படிப்பது வசதியும்கூட. 'பி' கிரேடைக் கண்டு பயப்பட வேண்டாம். எந்த அலகில் மதிப்பெண் போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மறுமொழி (பேராசிரியர்):
நானும் ஓர் ஆலோசகர்தான். ஒரு வகுப்பின் விருப்பப் பாடத் தாள்கள் முழுவதும் ஒரே மாலையில் மேசைக்கு வந்தால், நீங்கள் கேட்ட அதே பதில்தான் என் வாயிலிருந்தும் வரும். வெற்றுத் தாளோடு போகாதீர்கள். ஐந்து, ஆறாம் பருவங்களின் ஆறு விருப்பப் பாடங்களையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுப் பாடத்தையும் குறித்துக்கொண்டு, வகுப்பு முடிந்த பிறகு தனியாகச் சென்று பாருங்கள். போதிய மாணவர்கள் சேராத பாடத்தைத் துறை நடத்தாது. ஆகவே எந்தப் பாடம் உண்மையில் திறக்கும், எந்த ஆசிரியர் நடத்தப்போகிறார் என்பதை முதலிலேயே கேளுங்கள். ஹானர்ஸ் (கூடுதல் பாடங்கள் படித்துப் பெறும் சிறப்புப் பட்டம்) எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்: கூடுதலாக 18 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) படிக்க வேண்டும், சிஜிபிஏ (எல்லாப் பருவங்களின் சராசரித் தரப்புள்ளி) 7.5 வேண்டும். ஆறு கூடுதல் பாடங்களின் சுமையைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி (மூன்றாம் ஆண்டு மாணவி):
கல்லூரியில் திறக்காத பாடத்துக்கு என்பிடெல் (ஐஐடிகள் உள்ளிட்டவை நடத்தும் இணையவழிப் பாடங்கள்) ஒரு வழி. 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட். ஆனால் அது உங்கள் கணக்கில் சேர, சேர்வதற்கு முன்பே துறையின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாடத்தில் சேரக் கட்டணமில்லை, தேர்வுக்கு மட்டும் உண்டு. பன்னிரண்டு அசைன்மென்ட்டுகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. தேர்வில் குறைந்தபட்சம் வேண்டிய 30 எடுத்தும், அசைன்மென்ட்டில் வேண்டிய 10 எட்டாததால் சான்றிதழை இழந்தவள் நான். கடைசி இரவு வரை தள்ளிப்போட்டதன் பலன்!

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பக்கத்தை எழுதிக்கொண்டு போனேன். ஆலோசகர் இருபது நிமிடம் உட்கார்ந்து பேசினார். அனலாக்கை அடித்துவிட்டு விஎல்எஸ்ஐ டெஸ்டிங்கை எழுதினார். ஐஓடி பாடம் ஒன்று இருக்கட்டும் என்றார். மூன்றாவதற்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.