கல்லூரி ஆசிரியர்களே, எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி), ரெஃப்ரெஷர் (பாட அறிவைப் புதுப்பிக்கும் பயிற்சி), என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் முதலியவை நடத்தும் இணையப் பாடங்கள்): உங்கள் அனுபவம் என்ன?

பொருளியல், அரசு உதவி பெறும் கல்லூரி:

சி.ஏ.எஸ்.-க்கு, அதாவது ஆசிரியர்களின் பதவி உயர்வுத் திட்டத்துக்கு, எந்தப் பயிற்சி செல்லும் என்று பலர் கேட்கிறீர்கள். 2018 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி உதவிப் பேராசிரியர் 10ஆம் ஊதிய நிலையிலிருந்து 11க்குப் போக 21 நாள் ஓரியண்டேஷன் (கற்பித்தல் முறைப் பயிற்சி) வேண்டும். அதோடு ஒரு ரெஃப்ரெஷர், அல்லது ஒரு வாரப் பயிற்சி இரண்டு, அல்லது சான்றிதழுடன் ஒரு மூக் (யாரும் சேரக்கூடிய இணையவழி) பாடம், இப்படி ஏதாவது ஒன்று. ஊரடங்கில் வெபினார் வெபினாராக உட்கார்ந்து, கூகுள் ஃபார்மை நிரப்பி வாங்கிய சான்றிதழ்கள் என்னிடமும் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. எங்கள் கல்லூரித் தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "டிசைன் எல்லாம் நல்லா இருக்கு சார், கணக்குலதான் வராது" என்றார்.

அப்புறம்தான் என்.பி.டி.இ.எல்.-இல் 12 வாரப் பாடம் ஒன்று எடுத்தேன். சேரவும் படிக்கவும் காசில்லை. தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய் கட்டினேன். வாராவாரம் அசைன்மென்ட். புதன் ராத்திரி கெடு முடியும்போது வீட்டில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். தேர்வு மையத்துக்குப் போனால் வரிசையில் எங்கள் மூன்றாமாண்டுப் பிள்ளைகள்.

"சார், இன்விஜிலேஷனா?"

"இல்லப்பா, நானும் எழுதத்தான் வந்திருக்கேன்."

மூன்று மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து கணினியில் எழுதினேன். எனக்கு எலைட் தரச் சான்றிதழ் கிடைத்தது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் 75ஐத் தாண்டி அதற்கும் மேலான சில்வர் வாங்கினான். வகுப்பில் என் மதிப்பெண்ணைக் கேட்டார்கள், சொன்னேன். அதன்பிறகு அந்த வகுப்பில் சந்தேகம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். வெபினார் ஃபைல் எதுவும் எனக்கு இதைச் செய்ததில்லை.

விலங்கியல், மதுரை:

சார் சொல்வது சரிதான். ஆனால் நேரில் போகும் ஓரியண்டேஷனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் போனபோது அதை நடத்தும் மையத்துக்கு அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று பெயர். பிறகு எச்.ஆர்.டி.சி. (மனிதவள மேம்பாட்டு மையம்) ஆனது, 2023 முதல் மாளவியா மிஷன் மையம். குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய் விடுதியில் தங்கினேன். பகல் உரைகளில் பாதி தூக்கம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி விடுதியில் தத்துவம், சட்டம், இயற்பியல் என்று எல்லாத் துறை ஆட்களும் உட்கார்ந்து பேசுவோம். தேர்வுத்தாளை எப்படி அமைப்பது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இப்போது ஆன்லைனில் நடப்பதற்கு எங்கள் கல்லூரியில் ஓ.டி. (பணியில் இருந்ததாகக் கணக்கிடும் அனுமதி) தருவதில்லை, "வீட்டிலிருந்தே பார்க்கலாமே மேடம்" என்கிறார்கள். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காதில் லேபில் பிள்ளைகள் சத்தம். வருகைப்பதிவு லிங்க் வரும் நேரத்தில்தான் ஸ்பெசிமன் ஜாடி உடையும்.

வணிகவியல், சுயநிதிக் கல்லூரி:

எங்களுக்கு சி.ஏ.எஸ்.ஸும் இல்லை, ஊதிய நிலையும் இல்லை. ஆனாலும் கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் வருகிறது என்றால் ஆளுக்கு இத்தனை எஃப்.டி.பி. என்று பட்டியல் வந்துவிடும், பணம் நம் கையிலிருந்து. எனவே கட்டணமில்லாதவற்றை மட்டும்தான் தேடுகிறேன். பொருளியல் சார், எழுதவேண்டியது கட்டாயமில்லை என்றாலும் எனக்கும் ஒரு தேர்வு எழுத ஆசை. ஜனவரி செமஸ்டரில் 8 வாரப் பாடம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். கூடப் படிக்க யாராவது வந்தால் புதன்கிழமை கெடுவை ஒருவருக்கொருவர் நினைவுபடுத்திக்கொள்ளலாம்.